'இது நமக்குள்ளேயே இருக்கட்டும்!' - ஆசிரியரின் அக்கறை எப்போது ஆபத்தாகிறது?

இரவு 10.40 மணி. பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பெண்ணின் போனில் அடுத்தடுத்து வாட்ஸ்அப் மெசேஜ்கள்.

'தூங்கிட்டியா?'

'இன்னைக்கு கிளாஸ்ல ஏன் டல்லா இருந்த? வீட்ல ஏதாவது பிரச்னையா?'

'நீ மத்த பசங்க மாதிரி இல்ல. உனக்கு மெச்சூரிட்டி ஜாஸ்தி. அதனாலதான் உன்கிட்ட மட்டும் இப்படிப் பேசறேன்.'

'நான் மெசேஜ் பண்றதை யார்கிட்டயும் சொல்லாத, தப்பா நினைப்பாங்க. இது நமக்குள்ளேயே இருக்கட்டும்.'

அனுப்பியவர் அவளுடைய ஆசிரியர்.

இது நானே எழுதிய கற்பனை உரையாடல்தான். ஆனால், படிக்கும்போதே உங்களில் சிலருக்கு ஒரு முகம் ஞாபகத்துக்கு வந்திருக்கலாம். நாலு மெசேஜிலும் ஒரு ஆபாச வார்த்தை இல்லை. அம்மாவிடம் காட்டினால், 'சாருக்கு உன்மேல எவ்ளோ அக்கறை பாரு' என்றுகூடச் சொல்வார். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இதற்கு 'க்ரூமிங்' என்று பெயர். (லைஃப்ஸ்டைல் பக்கத்தில் இந்த வார்த்தையைப் பார்த்தால் தாடி ட்ரிம் செய்வது பற்றிய கட்டுரை என்றுதான் நினைக்கத் தோன்றும். இது வேறு.) பாலியல்ரீதியாகச் சுரண்டும் நோக்கத்தோடு ஒரு குழந்தையை மெதுவாக நம்பவைத்து, மற்றவர்களிடமிருந்து பிரித்து, வாய் திறக்க முடியாத ஓர் இடத்துக்குக் கொண்டுபோவதுதான் க்ரூமிங். நாம் யு.கே.ஜி-யிலேயே 'குட் டச், பேட் டச்' சொல்லிக் கொடுக்கிறோம். நல்ல விஷயம். ஆனால் பெரும்பாலும் அந்த 'பேட் டச்' நடக்கும் நேரத்தில், அதற்கு முந்தைய வேலைகள் எல்லாம் முடிந்திருக்கும். அந்தக் குழந்தைக்கு அது கெட்ட தொடுதல் என்று தெரியும். தெரிந்தும் சொல்ல முடியாதபடி ஆக்கப்பட்டிருக்கும்.

யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்?

அப்பா வெளிநாட்டில் இருக்கும் வீடு, அம்மா அப்பா சண்டை தினமும் நடக்கும் வீடு, ஃபீஸ் கட்ட முடியாமல் திணறும் வீடு, கிளாஸில் யாருடனும் ஒட்டாத பையன். தனிமையும் தேவையும் எங்கே இருக்கிறது என்று ஓர் ஆசிரியருக்குத் தெரிவதுபோல வேறு யாருக்கும் தெரியாது. அது அவர் வேலையின் ஒரு பகுதி. நல்ல ஆசிரியர் அதை வைத்து அந்தக் குழந்தையைக் கைதூக்கிவிடுகிறார். தவறானவருக்கு அதுவே நுழைவாயில். தனிமையான குழந்தைதான் என்றில்லை. மாநில அளவில் விளையாட வேண்டும் என்ற வெறியோடு இருக்கும் தைரியமான பெண்ணும் மாட்டுவார், ஏனென்றால் டீமில் பெயர் எழுதும் பேனா கோச்சின் கையில் இருக்கிறது.

ஆரம்பம் சலுகையில்தான். ஹோம்வொர்க் செய்யாவிட்டாலும் திட்டு கிடையாது. ஃப்ரீ டியூஷன். பிறந்தநாளுக்குத் தனியாக ஒரு கிஃப்ட். போனுக்கு ரீசார்ஜ். பிறகு தனிமை: எல்லோரும் கிளம்பிய பிறகு லேபில் 'ரெக்கார்டு கரெக்‌ஷன்', 'நான் டிராப் பண்றேன்' என்று பைக்கிலோ காரிலோ ஏற்றிக்கொள்வது, டோர்னமென்ட் பயணம். நடுவில் அவருடைய சொந்த சோகக் கதை ஒன்று வரும். 'என் வைஃப் என்னைப் புரிஞ்சுக்கவே இல்ல' என்று ஒரு 40 வயது ஆள் 15 வயதுப் பெண்ணிடம் சொல்லும்போது, அவள் மாணவி என்ற இடத்திலிருந்து ஆறுதல் சொல்பவள் என்ற இடத்துக்கு நகர்த்தப்படுகிறாள். அவளுக்கு அது பெருமையாகக்கூட இருக்கும். ஒரு பெரியவர் தன்னை நம்பி இதையெல்லாம் சொல்கிறாரே!

பிறகு சின்னச் சின்னப் பரிசோதனைகள். ஒரு டபுள் மீனிங் ஜோக். தோளில் தட்டுவது கொஞ்ச நேரம் கூடுதலாக. மாணவி சிரித்து மழுப்பினால் அடுத்த படி. முகம் சுளித்தால், 'சும்மா சொன்னேன்ப்பா, சீரியஸா எடுத்துக்காத' என்று ஒரு படி பின்வாங்கல். ஒவ்வொரு படியும் முந்தைய படியைவிடக் கொஞ்சமே பெரியது என்பதால், 'இந்த இடத்தில்தான் தப்பு ஆரம்பித்தது' என்று பாதிக்கப்பட்டவராலேயே விரல் வைத்துச் சொல்ல முடியாது. அதனால்தான் பிறகு குற்ற உணர்ச்சி அவர் பக்கம் சாய்கிறது: 'நானும் ரிப்ளை பண்ணேனே, நானும் கிஃப்ட் வாங்கினேனே...'

ஒரு விஷயத்தை நாம் கவனிப்பதே இல்லை. இப்படிப்பட்டவர் மாணவியை மட்டும் வசப்படுத்துவதில்லை. அவள் வீட்டையும் ஸ்டாஃப் ரூமையும் சேர்த்தே வசப்படுத்துகிறார். வீட்டுக்கு வந்து சாப்பிடுவார், தாத்தாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார், ரிசல்ட்டில் சென்டம் காட்டுவார். நாளைக்குக் குழந்தை வாய் திறந்தால், 'அந்த சாரா? சான்ஸே இல்ல' என்று சொல்ல ஊரே தயாராக இருக்கும்.

குரூப்பிலிருந்து இன்பாக்ஸுக்கு...

2020 ஊரடங்குக்குப் பிறகு இந்தப் பாதை மிகவும் சுருங்கிவிட்டது. ஹோம்வொர்க்குக்காக கிளாஸ் வாட்ஸ்அப் குரூப். அதிலிருந்து எல்லா மாணவர்களின் நம்பரும் ஆசிரியர் கையில். குரூப்பிலிருந்து தனிச் சாட், அங்கிருந்து இன்ஸ்டாகிராம், பிறகு தானாக மறைந்துபோகும் மெசேஜ்கள், 'சாட்டை டெலீட் பண்ணிடு' என்ற கட்டளை. சாட் இடம் மாறுவதைக் கவனியுங்கள். பாடத்துக்கும் இந்த இடமாற்றத்துக்கும் சம்பந்தம் இருக்கவே முடியாது.

2021 மே மாதம், சென்னையின் பிரபலமான தனியார் பள்ளி ஒன்றின் வணிகவியல் ஆசிரியர் மீது முன்னாள் மாணவிகள் சமூக ஊடகத்தில் புகார்களை வெளியிட, அவர் போக்சோ சட்டத்தில் கைது செய்யப்பட்டார். ஆன்லைன் கிளாஸில் அவர் நடந்துகொண்ட விதமும் புகார்களில் இருந்தது. அதையடுத்து ஆன்லைன் வகுப்புகளைப் பதிவு செய்ய வேண்டும், ஆசிரியர்கள் வகுப்பறைக்குரிய உடையில் இருக்க வேண்டும் என்றெல்லாம் தமிழக அரசு வழிமுறைகள் கொண்டுவந்தது. அந்த விவகாரத்தில் பேசியவர்களில் பலர் பள்ளியை விட்டு வெளியேறி வருடங்கள் ஆனவர்கள். எனக்கு அதில் ஆச்சர்யமில்லை. நான் படித்த பள்ளியிலும் ஒரு சார் இருந்தார். 'லேபுக்குத் தனியா போகாத, யாரையாவது கூட்டிட்டுப் போ' என்று சீனியர் அக்காக்கள் சொல்லிவிட்டுப் போவார்கள். நாங்களும் அதையே அடுத்த பேட்ச்சுக்குச் சொன்னோம். ஹெச்.எம் ரூமுக்கு அந்தத் தகவல் போகவில்லையா, போயும் ஒன்றும் நடக்கவில்லையா என்று இன்றுவரை தெரியாது.

'அப்போ பாசமா இருக்குற டீச்சர் எல்லாரும் தப்பானவங்களா?'

நிச்சயம் இல்லை. நம்மில் பலரைப் படிக்கவைத்ததே இப்படி எக்ஸ்ட்ரா அக்கறை காட்டிய ஓர் ஆசிரியர்தான். வித்தியாசம் பாசத்தின் அளவில் இல்லை, அது எவ்வளவு வெளிப்படையாக இருக்கிறது என்பதில் இருக்கிறது. ஃபீஸ் கட்டிய ஆசிரியர் அதை ஹெச்.எம்-மிடமும் அம்மாவிடமும் சொல்லியிருப்பார். ஸ்பெஷல் கிளாஸ் எடுப்பவர் கதவைத் திறந்துவைத்து எடுப்பார். 'இதை கிளாஸ் குரூப்பில் போட முடியுமா? அப்பா அம்மா பக்கத்தில் இருக்கும்போது சொல்ல முடியுமா?' என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் அது அக்கறை அல்ல.

நடனம், விளையாட்டு, யோகா போன்றவற்றில் உடலைத் தொட்டுத்தான் திருத்த வேண்டியிருக்கும். அங்கே பத்துப் பேர் பார்க்கும்படி, 'கையைத் திருத்தட்டுமா?' என்று கேட்டுவிட்டுத் தொடுவதில் பயிற்சி கெட்டுவிடாது. தனியறையில் மட்டுமே சொல்லித்தரக்கூடிய அடவும் கிடையாது, ஆசனமும் கிடையாது.

தமிழ்நாட்டில் பல மாணவர்களை மிரட்டும் ஆயுதம் பிராக்டிக்கல் மார்க். பிளஸ் டூ அறிவியல் பாடங்களில் 100-க்கு 20 செய்முறைத் தேர்வு, 10 அகமதிப்பீடு. 'என் கையில இருக்கு' என்பார் சார். செய்முறைத் தேர்வில் வேறு பள்ளியிலிருந்து வரும் தேர்வாளரும் உண்டு. அவர் சொல்வதுபோல எல்லாமே அவர் கையில் இல்லை.

பசங்களை மறந்துவிடுகிறோம்

இதுவரை 'அவள்' என்றே எழுதிவந்திருக்கிறேன். அதுவே ஒரு தவறு. மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தி 2007-ல் வெளியிட்ட ஆய்வில், 53.22 சதவிகிதம் பேர் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அவர்களில் பாதிக்கும் மேல், அதாவது 52.94 சதவிகிதம், ஆண் குழந்தைகள். போக்சோவும் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லோரையும் 'குழந்தை' என்றுதான் சொல்கிறது. ஆணா, பெண்ணா, திருநரா என்று பார்ப்பதில்லை. துன்புறுத்துபவர் ஆசிரியையாக இருந்தாலும் குற்றம் குற்றம்தான். ஆனால், பத்தாவது படிக்கும் பையன் ஒரு மிஸ்ஸைப் பற்றிச் சொன்னால், நண்பர்கள் 'மச்சான், லக்குடா உனக்கு' என்கிறார்கள். அந்த ஒரு கமென்ட் போதும், அவன் ஆயுசுக்கும் வாயை மூடிக்கொள்ள.

வீட்டில் தெரியும் மாற்றங்கள் பெரிதாகச் சத்தம் போடாது. நன்றாகப் படித்துக்கொண்டிருந்த ஒரு பாடம் திடீரென்று பிடிக்காமல் போகும். குறிப்பிட்ட பீரியட் இருக்கும் நாளில் மட்டும் வயிற்றுவலி. டியூஷனுக்குப் போக அடம். புதுப் பொருட்கள், கேட்டால் 'ஃப்ரெண்ட் கொடுத்தா'. போனைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குவது. இதில் பாதி, டீன் ஏஜின் இயல்பான விஷயங்கள். அதனால் ஒன்றைப் பார்த்ததும் பதற வேண்டாம். இரண்டு மூன்று சேர்ந்து வந்து, எல்லாமே ஒரே ஆளைச் சுற்றி நடந்தால் உட்கார்ந்து பேச வேண்டும்.

சொல்லிவிட்டால்... முதல் ஐந்து நிமிடம்

பெற்றோரைவிட அக்கா, அண்ணன், கசின், காலேஜ் சீனியர் என்று 20-களில் இருப்பவர்களிடம்தான் பல குழந்தைகள் முதலில் வாய் திறக்கிறார்கள். அதாவது, இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களிடம். பாதி சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். மீதியைச் சொல்வதா வேண்டாமா என்பதை உங்கள் முதல் கேள்வி முடிவு செய்துவிடும். 'ஏன் அன்னைக்கே சொல்லல?', 'நீ ஏன் அவருக்கு ரிப்ளை பண்ண?' என்பவை கேள்விகள் அல்ல, தீர்ப்புகள். 'சொன்னது நல்லது. நான் நம்பறேன். தப்பு உன்மேல இல்ல' என்று சொல்லிவிட்டு அமைதியாகக் கேளுங்கள். 'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் செய்யாதீர்கள், அதைக் காப்பாற்ற முடியாது. 'உன்னைப் பாதுகாக்க யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்' என்பதுதான் நேர்மை.

கோபத்தில் போனை எடுத்து அந்த ஆளுக்கு போன் செய்து கத்தாதீர்கள். அடுத்த நிமிடமே அவர் பக்கத்து சாட் மொத்தமும் காணாமல் போகும். சாட்டை டெலீட் செய்ய வேண்டாம், ஸ்கிரீன்ஷாட்டில் தேதியும் நம்பரும் தெரியட்டும். குழந்தையின் அந்தரங்கப் படம் எதுவும் இருந்தால், ஆதாரத்துக்காக என்று நண்பர்களுக்கு ஃபார்வர்டு செய்யவே செய்யாதீர்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் அத்தகைய படத்தைப் பகிர்வது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் தனிக்குற்றம். போனை அப்படியே போலீஸிடம் காட்டினால் போதும். அதேபோல, நியாயம் கேட்டு ஸ்டோரி போடும் அவசரத்தில் குழந்தையின் பெயர், போட்டோ, வீடு, பள்ளி என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது. இந்த விஷயத்தில் மீடியாவில் இருக்கும் நாங்களும் ஒன்றும் சுத்தமில்லை. யூனிஃபார்மையும் தெருப் பலகையையும் காட்டிவிட்டு முகத்தை மட்டும் ப்ளர் செய்த காட்சிகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

அதே வாக்கியம், வேறு வாயில்

'யார்கிட்டயும் சொல்லாத.' இதை முதலில் சொன்னது அந்த ஆசிரியர். இரண்டாவதாக வீட்டில் சொல்கிறார்கள், 'வெளிய தெரிஞ்சா உன் கல்யாணம் என்னாகும்?' என்று. மூன்றாவதாகப் பள்ளி நிர்வாகம், 'ஸ்கூல் பேரு கெட்டுடும், நாங்க பாத்துக்கறோம்.' நோக்கம் வேறு வேறாக இருக்கலாம். ஆனால், குழந்தையின் காதில் மூன்றும் ஒன்றாகவே விழுகின்றன.

2021 நவம்பரில் கோவையில் ஒரு பிளஸ் டூ மாணவி உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் முன்பு படித்த தனியார் பள்ளியின் இயற்பியல் ஆசிரியர் கைது செய்யப்பட்டார். புகார் தெரிந்தும் நடவடிக்கை எடுக்கவில்லை என்று அந்தப் பள்ளியின் முதல்வரும் போக்சோவில் கைதானார். 2024 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் போலி என்.சி.சி முகாம் நடத்திய பயிற்சியாளர், மாணவியைப் பாலியல் வன்கொடுமை செய்த வழக்கில் சிக்கினார். அங்கும் விஷயத்தை மறைத்ததாகப் பள்ளி நிர்வாகத்தைச் சேர்ந்தவர்கள் கைது செய்யப்பட்டார்கள்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. போக்சோவின் 19-வது பிரிவின்படி, குற்றம் நடந்தது தெரிந்த யாரும் போலீஸிடம் சொல்லியே ஆக வேண்டும். 'முதல்ல நாங்க விசாரிக்கிறோம்' என்று பள்ளி அதைத் தள்ளிப்போட முடியாது. சொல்லத் தவறினால் ஆறு மாதம் வரையும், நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஒரு வருடம் வரையும் சிறை. நல்லெண்ணத்தில் தகவல் கொடுத்தவர் மீது வழக்குப் போட முடியாது என்ற பாதுகாப்பும் அதே பிரிவில் இருக்கிறது. குற்றம் செய்தவர் கல்வி நிறுவன ஊழியராக இருந்தால் தண்டனை கூடுகிறது: பாலியல் நோக்கத்தோடு தொட்டாலே 5 முதல் 7 ஆண்டுகள், வன்புணர்வு என்றால் குறைந்தது 20 ஆண்டுகள். 'துணிமேலதானே பட்டுச்சு' என்ற வாதத்தை 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தூக்கிப் போட்டுவிட்டது. தொடுதல்கூட வேண்டாம், பாலியல் நோக்கத்தோடு மெசேஜில் விடாமல் துரத்துவதே போக்சோவில் பாலியல் சீண்டல்தான்.

'ரெண்டு குடும்பமும் பேசி முடிச்சுக்கிட்டோம்' என்பதும் எடுபடாது. ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர் மீதான போக்சோ வழக்கை, மாணவியின் அப்பாவோடு சமரசம் ஆகிவிட்டது என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த உத்தரவை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, வழக்கு நடக்கட்டும் என்றது.

போலீஸ் என்றாலே பயம் இருக்கும். ஆனால், போக்சோ வழக்கில் குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோதான் வாங்க வேண்டும். கூடியவரை எஸ்.ஐ அல்லது அதற்கு மேல் ரேங்க்கில் இருக்கும் பெண் அதிகாரி, யூனிஃபார்ம் இல்லாமல் வர வேண்டும். அம்மா அப்பாவோ, குழந்தை நம்பும் வேறொருவரோ கூட இருக்கலாம். இரவில் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் போக வேண்டும். வழக்கு முடியும்வரை துணைக்கு ஓர் உதவி நபரை நியமிக்கக் கேட்கலாம். எல்லா ஸ்டேஷனிலும் இப்படி நடக்கிறதா என்றால், இல்லை. அதனால்தான் போகும் முன்பே தெரிந்துகொண்டு போவது நல்லது. நேராகப் போகத் தயக்கமாக இருந்தால் 1098 குழந்தைகள் உதவி எண் 24 மணி நேரமும் இருக்கிறது. தமிழகப் பள்ளிக்கல்வித் துறையின் எண் 14417. மனசு உடைந்துபோய் பேச ஆள் வேண்டும் என்றால் 14416, டெலி மனஸ்.

18 முடிந்துவிட்டால்?

காலேஜில் போக்சோ கிடையாது. ஆனால் அதிகாரம் அதே அதிகாரம். இன்டர்னல் மார்க், பிஹெச்.டி கைடு கையெழுத்து, பிளேஸ்மென்ட் சிபாரிசு. 2018-ல் வெளியான அருப்புக்கோட்டை கல்லூரிப் பேராசிரியையின் ஆடியோவை நினைத்துப் பாருங்கள். மிரட்டலைவிட அதில் அதிகம் இருந்தது நயமான பேச்சு. அந்த மாணவிகள் அதைப் பதிவு செய்து வைத்திருந்ததால்தான் வழக்கே உருவானது; 2024 ஏப்ரலில் அவருக்கு 10 ஆண்டுகள் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஆறு வருடம்! 2023-ல் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி நுண்கலைக் கல்லூரி மாணவிகள் போராட்டத்தில் உட்கார்ந்த பிறகுதான் உதவிப் பேராசிரியர் ஒருவர் கைதானார்.

ஒவ்வொரு கல்லூரியிலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது யு.ஜி.சி-யின் 2015 விதி. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்துபூர்வமாகப் புகார் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். உங்கள் காலேஜ் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று இப்போதே தேடிப் பாருங்கள். பெயர்ப் பட்டியல் கிடைக்கவில்லை என்றால், அதுவே கேட்க வேண்டிய முதல் கேள்வி. தன் பதவியைப் பயன்படுத்தி ஒரு பெண்ணை உறவுக்கு இணங்கவைப்பது, அவர் மேஜராகவே இருந்தாலும், பாரதிய நியாய சன்ஹிதா 68-வது பிரிவில் 5 முதல் 10 ஆண்டுகள் வரை தண்டனைக்குரிய குற்றம்.

பள்ளிகளில் 'மாணவர் மனசு' புகார்ப் பெட்டி வந்தது நல்ல விஷயம். ஆனால், அதை ஹெச்.எம் ரூம் வாசலில் மாட்டிவைத்தால் எந்தப் பையன் எல்லோரும் பார்க்க நின்று லெட்டர் போடுவான்? லேப், பி.டி ரூம் கதவுகளில் ஒரு கண்ணாடிச் சதுரம், டோர்னமென்ட்டுக்குக் குறைந்தது இரண்டு பெரியவர்கள், மாணவரோடு தனிச் சாட் கிடையாது என்ற ஒரு வரி விதி... இதற்கெல்லாம் பெரிய பட்ஜெட் தேவையில்லை. பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றிக் கேட்பதுபோல இதையும் கேட்கலாம். புகார் வந்த ஆசிரியரைச் சத்தமில்லாமல் டிரான்ஸ்ஃபர் செய்வதும், ராஜினாமா வாங்கிக்கொண்டு அனுபவச் சான்றிதழோடு வழியனுப்புவதும், அடுத்த பள்ளிக் குழந்தைகளிடம் அவரை அனுப்பிவைப்பதுதான். டியூஷன் எடுக்கும் அக்கா, அண்ணன்களுக்கும் ஒன்று: மெசேஜ் குரூப்பில் மட்டும், தனியாக அனுப்ப வேண்டுமென்றால் பெற்றோரையும் சேர்த்து. உங்களுக்கும் அதுதான் பாதுகாப்பு.

வீட்டில் ஸ்கூல் படிக்கும் தம்பியோ தங்கச்சியோ இருந்தால், இன்று ராத்திரி சாப்பிடும்போது பேச்சை ஆரம்பிக்கலாம். 'உன்னை யாராவது தப்பா தொட்டாங்களா?' என்று கேட்டால், 'ச்சீ, இல்ல' என்றுதான் பதில் வரும். 'உனக்கு மட்டும் தனியா மெசேஜ் பண்ற சார், மிஸ் யாராவது இருக்காங்களா? என்ன பேசுவாங்க?' என்று கேளுங்கள். போனைப் பிடுங்கிப் பார்க்காதீர்கள். தோளைக் குலுக்கிவிட்டு எழுந்து போனாலும் விட்டுவிடுங்கள். பதில் வர ரெண்டு மூணு நாள்கூட ஆகலாம்.